குட்டையாக வாங்கிய டேலியா நெட்டையானது ஏன்? கோத்தகிரியில் ஒரு பாத்தி, 24 தொட்டி, மூன்று வருடம்

2023 ஜூலையில் ஒரு நாள் இரவு முழுக்கக் காற்றும் தூறலும். காலையில் கதவைத் திறந்தால் பாதையோரப் பாத்தியிலிருந்த டேலியாவில் ஆறு செடி பாதையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இரண்டு அடியோடு முறிந்திருந்தன. முறியாத ஒன்றை நிமிர்த்திப் பிடித்து அளந்தேன். 112 செ.மீ. இதே செடியை முந்தின வருடம் 'குட்டை டேலியா' என்று சொல்லித்தான் வாங்கினேன். அப்போது அதன் உயரம் 25 செ.மீ.

பக்கத்திலேயே, அரை அடி தள்ளி, அதே நாளில் அதே நர்சரியில் வாங்கிய இன்னொரு செடி நின்றது. 38 செ.மீ.; ஒரு கிளைகூட சாயவில்லை. ஏழெட்டுப் பூ, எல்லாம் நேராக மேல்நோக்கி. ஒரே பாத்தி, ஒரே எரு, ஒரே மழை. அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்று தேடிப் போனதன் பதிவு இது. தொட்டியிலும் பாத்தி ஓரத்திலும் குட்டை டேலியா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் நான் தடுமாறிய அதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பதை அப்புறம் பலரிடம் பேசும்போது தெரிந்துகொண்டேன். அதனால் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

இடம்

வீடு கோத்தகிரியில் ஒரு சரிவில். நீலகிரியின் கிழக்குப் பக்கம் என்பதால் தொட்டபெட்டா மலை தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தடுத்துவிடும். ஜூன், ஜூலையில் எங்களுக்குக் காற்று, மூடுபனி, தூறல். கொட்டும் மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில்தான். கிழங்கிலிருந்து வருடாவருடம் முளைக்கும் டேலியாவுக்கு இது முக்கியம். ஊட்டிக்காரர்களின் நாள்காட்டியை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே கிழங்கு அழுகும்.

பாத்தி 20 அடி நீளம், 4 அடி அகலம். கிழக்குப் பார்த்தது, பின்பக்கம் கல் சுவர். காலை ஏழரை முதல் மதியம் இரண்டு வரை நல்ல வெயில். வாசல் படிகளின் இரு பக்கமும் தொட்டிகள். பாதை குறுகல், ஆட்கள் போக வர இருக்கிறது. அதனால் சாயாத, கம்பு ஊன்ற வேண்டாத செடிதான் வேண்டும் என்பது முதலிலிருந்தே என் கணக்கு.

டேலியாவை நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மே மாதம் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இது மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைநாட்டுச் செடி. 1789-இல் மெக்சிகோவிலிருந்து விதை மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. அங்கே கவனில்லெஸ் என்ற தாவரவியலாளர் 1791-இல் சுவீடன் நாட்டு ஆன்டர்ஸ் டாலின் நினைவாகப் பெயர் வைத்தார். மெக்சிகோ 1963-இல் இதைத் தேசிய மலராக்கியது. பகலில் இதமான வெயில், இரவில் குளிர், நீர் தேங்காத சரிவு. அந்த மலைநாட்டில் இதற்குப் பழக்கப்பட்டதெல்லாம் நம் மலையிலும் இருக்கிறது. இல்லாதது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் வருடம்

2022 ஏப்ரலில் சீசனுக்கு முன்னால் 24 தொட்டி வாங்கினேன். ஆறு அங்குலத் தொட்டி, செடிக்கு ஐந்தாறு மொட்டு, கரும்பச்சை இலை. 14 செடியைப் பாத்தியில் நட்டேன். 10 செடியைப் பத்து அங்குல மண்தொட்டிக்கு மாற்றிப் படியில் வைத்தேன். மே முழுக்க நல்ல பூ.

ஜூலைக்கு மேல் ஒரு மாற்றம் இருந்தது. அடுத்து வந்த கிளைகள் சில செடிகளில் மெலிந்து, நீண்டு, முதல் பூக்களுக்கு மேலே எழும்பி வந்தன. வெயில் குறைந்ததால் செடி வெளிச்சத்தைத் தேடுகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். தடயம் அப்போதே கண்முன் இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

நவம்பர் மழையில் செடிகள் சோர்ந்தன. தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றித் தண்ணீரை நிறுத்தினேன். பாத்தியில் இருந்தவற்றை மண்ணிலேயே விட்டேன். பிப்ரவரியில் தோண்டிப் பார்த்தபோது பாத்தியில் மூன்று அழுகிக் கூழாகியிருந்தன. இரண்டை முள்ளம்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. தாழ்வாரத்துத் தொட்டி பத்தும் பிழைத்தன. மொத்தம் 19. கிழங்கு குளிரில் சாகவில்லை, ஈரத்தில்தான் செத்தது என்பதை அன்றே குறித்து வைத்தேன். கோத்தகிரியில் எங்கள் பக்கம் உறைபனி அபூர்வம். ஆனால் நவம்பர் மண் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இரண்டாம் வருடம்: அளக்கத் தொடங்கியது

சாய்ந்த செடிகளைப் பார்த்த அன்றே 19 செடியையும் அளந்து நோட்டில் எழுதினேன். 11 செடி 85 செ.மீ.-க்கு மேல். 8 செடி 45 செ.மீ.-க்குக் கீழ். இடைப்பட்ட உயரத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த இடைவெளிதான் என்னை யோசிக்க வைத்தது. நிழலோ எருவோ காரணமென்றால் உயரங்கள் படிப்படியாக மாறியிருக்கும். இங்கே இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன.

நெட்டைகளில் 6 பாத்தியில், 5 தொட்டியில். குட்டைகளில் 3 பாத்தியில், 5 தொட்டியில். ஆக, இடமும் காரணமில்லை. தொட்டியில் வைத்தால் செடி தானாகக் குட்டையாகும் என்று பலர் நம்புகிறார்கள். என் தொட்டி நெட்டைகள் பாத்தி நெட்டைகளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் தொட்டியோடு சேர்ந்து கவிழ்ந்து விழுந்தன, அது இன்னும் மோசம்.

விடை கிடைத்தது ஒரு காய்ந்த தண்டில். முந்தின வருடத் தண்டின் அடிக்கட்டை ஒன்று வாடி, விறகு போல, பழைய தொட்டியின் ஓரத்தில் கிடந்தது. நெட்டையான செடி ஒன்றின் பழைய தண்டு அது. கணுக்களை விரலால் தடவிப் பார்த்தேன். அடியில் ஐந்து கணு, விரல் மூட்டுகள் போல நெருக்கமாக, இரண்டு செ.மீ.-கூட இடைவெளி இல்லை. ஆறாவது கணுவிலிருந்து திடீரென 6 செ.மீ., அடுத்தது 8, அடுத்தது 9. அடிப்பகுதி ஒரு செடி, மேல்பகுதி வேறொரு செடி என்று சொல்லலாம்போல இருந்தது. குட்டையாகவே நின்ற செடியின் தண்டை எடுத்துப் பார்த்தால் அடியிலிருந்து நுனிவரை 3, 3.5, 4 செ.மீ. ஒரே சீராக, தடிமனாக.

முதல் தண்டில் நடுவே ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது. அந்தத் தண்டை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். (வாங்கின நர்சரி இல்லை. எனக்குப் பழக்கமான இன்னொன்று. அங்கே வேலை செய்யும் தம்பி மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்.)

தண்டைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"அக்கா, இது மருந்து ஊத்துன செடிங்க."

"என்ன மருந்து தம்பி?"

"மாமரத்துக்கு ஊத்துவாங்கல்ல, கல்டாருன்னு, அந்த மருந்துதாங்க. வேர்ல கொஞ்சமா ஊத்துனா செடி மேல போகாது, அடங்கி நிக்கும். வேன்ல அடுக்க வசதி. உயரமா இருந்தா கடைக்காரங்க எடுக்க மாட்டாங்க. புது மண்ணுக்கு மாத்திட்டீங்கன்னா ஒண்ணு ரெண்டு மாசத்துல அதோட வேகம் போயிரும்."

மா விவசாயிகளுக்குப் பழக்கமான பேக்லோபியூட்ரசால்தான் அது. செடியின் தண்டு நீள்வதற்கு ஜிப்பரலின் என்ற ஊக்கி வேண்டும். இந்த மருந்து அது உண்டாவதைத் தடுக்கிறது. செல்கள் பெருகும், ஆனால் நீளாது. அதனால் இலை எண்ணிக்கை குறையாமல் கணுவிடை மட்டும் சுருங்குகிறது. இலை கரும்பச்சையாக, தடிப்பாக இருக்கும். பூத்தொட்டி வியாபாரத்தில் உலகம் முழுக்க இருக்கிற நடைமுறை இது. குற்றம் என்று சொல்ல மாட்டேன். அலங்காரத்துக்கு ஒரு மாதம் வைத்துவிட்டு எறிகிறவர்களுக்கு அது போதும். ஆனால் கிழங்கை வைத்து வருடாவருடம் வளர்க்க நினைப்பவரிடம் 'குட்டை ரகம்' என்று சொல்லி விற்கக் கூடாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இன்னும் உண்டு.

அந்த மருந்து மண்ணில் நீண்ட நாள் தங்கும் என்பதையும் அவரே சொன்னார். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. முதல் வருடம் அந்தச் சின்னத் தொட்டிகளில் மிஞ்சிய மண்ணைச் சேர்த்து ஒரு தட்டில் பெட்டூனியா விதை தூவியிருந்தேன். முளைத்தன, ஆனால் காசு அகலத்திலேயே நின்றுவிட்டன. விதை சரியில்லை என்று கொட்டிவிட்டேன். இப்போது அந்த மண்ணின்மேல்தான் சந்தேகம். வாங்கின தொட்டியின் மண்ணை விதைத் தட்டுக்குப் பயன்படுத்துவதை அன்றோடு விட்டேன்.

எட்டில் ஆறு

நெட்டைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மீதி எட்டும் பிறவிக் குட்டை என்று முடிவுகட்டியிருந்தால் மறுபடி ஏமாந்திருப்பேன். அந்த எட்டில் இரண்டு வேறு மாதிரி இருந்தன. இரண்டும் படியில் வைத்த தொட்டிச் செடிகள். உயரம் 30 செ.மீ., இலை வெளிறிய மஞ்சள், அடி இலைகளின் ஓரம் கருகல், பூ ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தொட்டியைத் தட்டிக் கவிழ்த்தேன். வேர் வட்டம் வட்டமாகச் சுற்றி, மண்ணே தெரியவில்லை.

அதோடு மண்ணிலும் குறை இருந்தது. பக்கத்துத் தோட்டத்து தாத்தா கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர். அவர்தான் பாத்தி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பீட்ரூட் போடறதுக்கு முன்னாடி நாங்களே டோலமைட் போடாம விதைக்க மாட்டோம்மா. இந்த மண்ணு புளிப்பு." பரிசோதனைக்குக் கொடுத்தேன், கார அமில நிலை 5.1. டேலியாவுக்கு 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது. நம் மலைமண் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண். அந்தப் புளிப்பில் நாம் போடுகிற மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் வேருக்குச் சரியாகக் கிடைப்பதில்லை.

பாத்தி 80 சதுர அடிக்கு 2.5 கிலோ டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் பொடி) தூவிக் கொத்திவிட்டேன். அந்த இரண்டு தொட்டிச் செடியை வேர்ச்சுற்றைத் தளர்த்தி, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் புது மண்ணில் வைத்தேன். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கின சாண எரு ஒரு பங்கு, கழுவின தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட். செப்டம்பர் கடைசியில் ஒன்று 76 செ.மீ., மற்றொன்று 81 செ.மீ. அவை பசியால் குறுகி நின்றவை. ஆக, பிறவிக் குட்டை ஆறுதான்.

அந்த ஆறிலும் ஒன்று போனது. ஆகஸ்டில் அதன் புது இலைகளில் நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு, இலை நெளிவு. தேமல் நோய். டேலியா தேமல் வைரசை அசுவினி பரப்புகிறது. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, கிழங்கிலும் தங்கும், அதிலிருந்து எடுக்கிற கட்டிங்கிலும் போகும். நல்ல ஆரஞ்சுப் பூ. இரண்டு நாள் மனம் வராமல் வைத்திருந்து, மூன்றாம் நாள் கிழங்கோடு பிடுங்கி எரித்தேன். இதில் தயங்கக் கூடாது. இன்னும் தயங்கியிருந்தால் மற்ற ஐந்தும் என்னிடம் இருந்திருக்காது.

பகல் நீளம்

இன்னொரு வகைக் குறுக்கமும் உண்டு. அதையும் தற்செயலாகத்தான் பார்த்தேன். 2023 நவம்பரில் ஊட்டியிலிருந்து ஒரு தோழி நான்கு கிழங்கு கொடுத்தார். அவர் வீட்டில் இடுப்பு உயரம் வளர்வது எனக்கே தெரியும். கிழங்கில் முளை வந்துவிட்டதால் காத்திருக்காமல் தாழ்வாரத்துத் தொட்டியில் நட்டேன். நான்கும் 20, 25 செ.மீ.-இல் நின்று, ஆளுக்கு இரண்டு பூ பூத்தன. அடுக்குப் பூ வர வேண்டிய செடியில் இதழ் குறைந்து நடுவே மஞ்சள் கண் தெரிந்தது. ஜனவரியில் காய்ந்தன. தோண்டினால் செடிக்குச் சம்பந்தமில்லாத அளவு பருத்த கிழங்கு. அவற்றையே 2024 ஏப்ரலில் நட்டபோது ஜூலையில் இடுப்பு உயரம்.

மேலே 'இல்லாதது' என்று சொன்னேனே, அது இதுதான்: ஐரோப்பியக் கோடையின் நீண்ட பகல். கோத்தகிரியில் ஜூன் மாத நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், டிசம்பர் பகல் சுமார் 11 மணி 25 நிமிடம். டேலியா இந்த வித்தியாசத்தைக் கவனிக்கிறது. பகல் நீளம் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால், தண்டு வளர்ப்பதை மெல்ல விட்டுவிட்டுக் கிழங்கு கட்டத் தொடங்கும். ஸ்டார்ச்சுக்குப் பதிலாக இனுலின் என்ற சர்க்கரைப் பொருளாக உணவைச் சேமிக்கிறது. அதோடு இரவுக் குளிரும் சேர்ந்தால் செடி குறுகித்தான் நிற்கும். இந்த ரகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவில், கோடையில் 16 மணி நேரப் பகலில் வளர்த்து உயரம் குறிக்கப்பட்டவை. எனவே பாக்கெட்டில் போட்டிருக்கும் உயரம் நம் ஊரில் அப்படியே வராது. இங்கே மார்ச் நடுவில் நட்டால் பகல் நீண்டுகொண்டே போகும் மாதங்கள் முழுக்கச் செடிக்குக் கிடைக்கும். அக்டோபரில் நடுவது கிழங்கைப் பெருக்கத்தான் உதவும், பூவுக்கு உதவாது.

மூன்றாம் வருடம்

ஐந்து தாய்க் கிழங்கை பிப்ரவரி முதல் வாரத்தில் ஈர நார்க்கழிவில் பாதி புதைத்து ஜன்னலோரம் வைத்தேன். டேலியா கிழங்கு உருளைக்கிழங்கு மாதிரி இல்லை. கிழங்கின் உடம்பில் கண் கிடையாது. பழைய தண்டு சேரும் கழுத்தில்தான் கண். கழுத்து ஒட்டாமல் பிளந்த கிழங்கை எவ்வளவு நாள் மண்ணில் வைத்தாலும் முளைக்காது. முதல் வருடம் நான் அப்படி இரண்டை வீணாக்கினேன்.

முளை மூன்று அங்குலம் வந்ததும் கிழங்கை ஒட்டி, மெல்லிய அடித்துண்டு சேர வெட்டிக் கட்டிங் எடுத்தேன். வெட்டு குழலாக, உள்ளே ஓட்டையாக இருந்தால் அது வேர்விடாமல் அழுகும். கெட்டியாக இருக்க வேண்டும். 30 கட்டிங் வைத்ததில் 23 வேர்விட்டன. மூன்று வாரம் பிடித்தது. தாயோடு சேர்த்து 28 செடி, எல்லாம் எனக்கு உயரம் தெரிந்த குட்டை.

விதையும் முயன்றேன். பிகாரோ என்ற குட்டை ரகக் கலப்பு விதை, 40 போட்டதில் 31 முளைத்தன. ஜனவரிக் கடைசியில் விதைத்தது மே முதல் வாரம் பூத்தது. எல்லாமே 30 முதல் 40 செ.மீ.-க்குள் நின்றன, பூ மட்டும் ஒன்று அடுக்கு, ஒன்று ஒற்றை, நிறம் கலவை. இந்தச் செடியில் எட்டு மடங்கு குரோமோசோம், மொத்தம் 64. அதனால் விதையில் வருவது ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பாத்தி ஓரத்துக்கு ஒரே நிறம் வேண்டுமென்றால் கட்டிங்தான். பல நிறம் சரி என்றால், மருந்துச் செடிக்குக் கொடுக்கிற காசில் பத்தில் ஒரு பங்குக்கு விதை வாங்கி விடலாம். நான் இப்போது யார் கேட்டாலும் விதையில் தொடங்குங்கள் என்றே சொல்கிறேன்.

பாத்தியில் முன்வரிசை குட்டைகள், செடிக்குச் செடி ஒன்றேகால் அடி. பின்னால் சுவரை ஒட்டி, மூன்று அடிக்கு ஒன்றாக ஆறு நெட்டைகள். அவற்றுக்கு நடும்போதே மூங்கில் ஊன்றினேன். செடி வளர்ந்த பின் ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்திவிடும். விலை கொடுத்து ஏமாந்த செடிதான், ஆனால் ஜூனில் சுவரை மறைத்துப் பூத்தபோது அதைத் தூக்கி எறியாதது நல்லதாயிற்று என்று பட்டது.

நெட்டைகளை நான்கு ஜோடி இலை வந்ததும் நுனி கிள்ளினேன். குட்டைகளில் பாதியைக் கிள்ளி, பாதியைக் கிள்ளாமல் விட்டுப் பார்த்தேன். கிள்ளியவை பூக்க இரண்டு வாரம் தாமதம். கடைசியில் புதரின் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. குட்டை தானாகவே அடியிலிருந்து கிளைக்கிறது. எனவே இந்த வருடம் கிள்ளவில்லை.

தொட்டி பன்னிரண்டு அங்குலம், செடிக்கு ஒன்று. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மதிய வெயிலில் சூடேறி வேரை வாட்டியது. மண்தொட்டியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஏப்ரலில் தினமும் தண்ணீர் கேட்கும். கிழங்கு நட்டதிலிருந்து முளை தெரியும்வரை தண்ணீர் கிட்டத்தட்ட வேண்டாம். நட்டவுடன் ஊற்றுவதுதான் பலரும் செய்கிற தப்பு. வேரில்லாத கிழங்கு அந்தத் தண்ணீரைக் குடிக்காது, அதில் ஊறி அழுகும். உரம், முதல் மாதம் ஆல் 19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) கரைத்து இரண்டு முறை. மொட்டு தெரிந்ததும் தழைச்சத்தை நிறுத்திவிட்டு விறகடுப்புச் சாம்பல், பதினைந்து நாளுக்கு ஒரு பிடி. புளிப்பு மண்ணில் சாம்பல் இரண்டு வேலை செய்கிறது: சாம்பல்சத்தும் கொடுக்கிறது, புளிப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. அடுத்த பரிசோதனையில் பாத்தி மண் 6.0.

பூ தொடர்ந்து வருவதற்கு உரத்தைவிட, வாடினதை எடுப்பதுதான் பெரிய வேலை. இதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது: புது மொட்டும் இதழ் உதிர்ந்த பூவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். புது மொட்டு சட்டைப் பொத்தான் மாதிரி உருண்டை, அமுக்கினால் கெட்டி. முடிந்த பூ நுனி கூம்பி, அமுக்கினால் மெத்தென்று, சில நேரம் விரலில் ஈரம் வரும். முதல் வருடம் என் அம்மா உதவி செய்வதாக நினைத்து ஒரு காலையில் முப்பது மொட்டைக் கிள்ளிப் போட்டுவிட்டார். அப்புறம் இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து அமுக்கிக் காட்டினேன். அதிலிருந்து அந்த வேலை அவருடையது, தப்பியதே இல்லை. வெட்டும்போது பூவை மட்டும் கிள்ளாமல் அடுத்த இலை ஜோடிவரை காம்போடு எடுக்க வேண்டும்.

மூடுபனி மாதங்களில் அடுக்குப் பூக்கள் தண்ணீரைத் தாங்கிப் பழுப்பாகி சாம்பல் பூஞ்சணம் பிடித்தன. ஒற்றை இதழ்ப் பூக்களில் அது கிட்டத்தட்ட இல்லை. தேனீயும் அதற்குத்தான் வருகிறது. ஆகவே மழைபடும் பாத்தியில் ஒற்றை, தாழ்வாரத்துத் தொட்டியில் அடுக்கு என்று பிரித்துவிட்டேன். நத்தைக்கு இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு எதுவும் எனக்குப் பலன் தரவில்லை. முட்டை ஓடு தூவிப் பார்த்தேன். ஓட்டின் மேலேயே ஏறிப் போனது. முளை வரும் முதல் மூன்று வாரம்தான் ஆபத்து, அதற்குப் பின் இலை ஓட்டையானாலும் செடி தாங்கும். செப்டம்பரில் ஒரு இரவு காட்டெருமை பாத்தியின் மேல்பக்கமாக நடந்து போய் நான்கு நெட்டையை மிதித்தது. முன்வரிசைக் குட்டைகளில் ஒன்று மட்டும் சேதம், அதுவும் அடியிலிருந்து மறுபடி கிளைத்தது.

கணக்கு: 2024-இல் 28 குட்டைச் செடிகளும் ஒரு கம்புகூட இல்லாமல் நின்றன. உயரம் 32 முதல் 43 செ.மீ. முதல் பூ ஏப்ரல் 29, கடைசிப் பூ அக்டோபர் மூன்றாம் வாரம். மழைக்கு முன்பே பாத்திச் செடிகளை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கை மண்ணோடு கிளப்பி, காய்ந்த நார்க்கழிவில் போட்டு விறகு அறையில் வைத்தேன். முள்ளம்பன்றிக்கு அங்கே வழியில்லை. பிப்ரவரியில் 28-இல் 26 கண்ணோடு இருந்தன.

வாங்கப் போகும்போது

இப்போது நர்சரிக்குப் போனால் பூவைப் பார்ப்பதில்லை, தண்டைப் பார்க்கிறேன். பூ இலைக் கூட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி காம்பே இல்லாமல் இருந்து, இலை கரும்பச்சையாகத் தடித்து, அடிக்கணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் மருந்து என்று எடுத்துக்கொள்கிறேன். பிறவிக் குட்டையில் காம்பு சின்னதானாலும் பூவை இலைக்கு மேலே தூக்கிக் காட்டும். முடிந்தால் போன வருடத் தண்டின் அடிக்கட்டையோடு இருக்கும் கிழங்கைக் கேட்கிறேன். ரகப் பெயர் கேட்பதும் நல்லது. கேலரி வரிசை என்றால் தொட்டிக்கென்றே நெதர்லாந்தில் உருவாக்கியது, பிகாரோ என்றால் விதை ரகம். "குட்டைங்க, மிக்ஸ்" என்று மட்டும் பதில் வந்தால், ஒரு சீசனுக்கான பூ என்று நினைத்து வாங்கலாம், கிழங்குக்காக வேண்டாம்.

தண்டைப் பார்த்துச் சொன்ன அந்தத் தம்பிக்குப் போன மார்ச்சில் 10 கட்டிங் கொடுத்தேன். மருந்து ஊற்றாமல் ஒரு தட்டு விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஜூனில் போய்ப் பார்த்தேன். 9 செடி இருந்தது, உயரமானது 36 செ.மீ. விதைச் செடிகளில் ஒன்றே ஒன்று எனக்கு இன்னும் புரியவில்லை. கருஞ்சிவப்பு இலை, மஞ்சள் ஒற்றைப் பூ, முதல் வருடம் 34 செ.மீ. போன வருடம் கிழங்கிலிருந்து வந்தபோது 52. விதையில் வந்த முதல் வருடச் செடி கிழங்கிலிருந்து வருவதைவிடச் சிறிதாக இருப்பது வழக்கம்தான், ஆனாலும் 52 கொஞ்சம் அதிகம். அதைத் தனித் தொட்டியில், பெயர்ச்சீட்டோடு, படியின் கடைசியில் வைத்திருக்கிறேன். இந்த ஜூலையில் மறுபடி அளக்க வேண்டும்.